பார்க்காமல் விட்ட வலது கால்

நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். தூத்துக்குடியில், பழைய துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது என்பது போதும். எழுபதுகளின் நடுவில் அங்கே மெடிக்கல் வார்டில் அசிஸ்டன்ட்டாகச் சேர்ந்தேன். எம்.டி. முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சொந்த ஊர் நாசரேத். அப்பா பள்ளி ஆசிரியர். கடலை நான் பார்த்ததெல்லாம் லீவு நாட்களில், கரையில் நின்றுதான். பின்னால் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள் என்னைப் பார்த்தால், "மேடம், நீங்க பார்த்த ரேர் கேஸ் ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். பலதும் பார்த்திருக்கிறேன். சரியாகக் கண்டுபிடித்தவற்றைச் சொல்வதில் பெருமை இருக்கிறது, பயன் குறைவு. தவறாகக் கண்டுபிடித்த ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

1. பூட்டிய தாடை

காலை ஓ.பி. நடந்துகொண்டிருந்த நேரம். நான்கு பேர் ஓர் ஆளை நார்க்கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பெயர் சிலுவை. வயது முப்பது இருக்கும். கடலுக்குப் போகிறவர். தோள் அகன்ற, வலுவான உடம்பு. கண் திறந்திருந்தது, நினைவும் தெளிவாக இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. கழுத்து, முதுகு, தொடை எல்லா இடத்திலும் வலி. கையைத் தூக்கிப் பார்த்தபோது பல்லைக் கடித்தபடியே முனகினார்.

கூட வந்தவர் மனைவி புஷ்பம். "காலையில கரைக்கு வரும்போதே உடம்பெல்லாம் கடுக்குதுன்னு சொன்னாக டாக்டரம்மா. கஞ்சி குடிக்கலாம்னு உக்காந்தாக. வாயத் தொறக்க முடியல."

"சமீபத்துல காயம் ஏதாவது பட்டுச்சா?"

"போன வாரம் ஆணி குத்திச்சு. வள்ளத்தைப் பழுது பாக்கையில. எடது கால்ல."

இடது உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். கறுத்த சின்னத் துளை இருந்தது. அழுத்தியதும் கொஞ்சம் சீழ் வந்தது. எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. துருப்பிடித்த ஆணி, ஒரு வார இடைவெளி, பூட்டிய தாடை. டெட்டனஸ். பரீட்சைக்குப் படித்த பக்கம் அப்படியே கட்டிலில் படுத்திருந்தது. அந்தக் காலத்தில் மாதத்துக்கு இரண்டு மூன்று டெட்டனஸ் கேஸாவது வார்டில் இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

வயிற்றைத் தொட்டபோது மட்டும் ஓர் உறுத்தல். டெட்டனஸ் வந்தவர் வயிறு பலகை மாதிரி இறுகியிருக்கும். இவருக்கு மெத்தென்று இருந்தது. 'இப்போதுதானே ஆரம்பம், போகப் போக இறுகும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டெட்டனஸ் நோயாளியை வெளிச்சமும் சத்தமும் இல்லாத அறையில் வைப்போம். சின்னச் சத்தம்கூட உடம்பை வில்லாக வளைத்துவிடும். சிலுவையையும் வார்டின் கடைசியில் இருந்த கோடி அறையில் போட்டு ஜன்னலைச் சாத்தினோம். டெஸ்ட் டோஸ் பார்த்து, டெட்டனஸ் விஷத்தை முறிக்கும் ஏ.டி.எஸ். ஊசி கொடுத்தேன். தூங்க வைக்க டயஸிபாம் ஏற்றினேன். பன்னிரண்டு மணிக்கு சீஃப் ரவுண்ட்ஸ் வந்தார். ஐம்பது வயது தாண்டியவர், கோபக்காரர், கெட்டிக்காரர். வாசலில் நின்றபடி கேஸ் ஷீட்டை வாசித்தார். தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அறையை விட்டு வெளியே வந்தபோது புஷ்பம் குறுக்கே வந்தார். "டாக்டரம்மா, இன்னைக்கிக் காலையில கடல்ல வச்சு..."

"எல்லாம் பெறவு பேசிக்கிடலாம்மா. இங்க சத்தம் போடக் கூடாது. வெளிய போய் இருங்க."

அவர் சத்தமே போடவில்லை. எனக்கு ஓ.பி.யில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

2. சாரம்

மூன்று மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தேன். சிலுவைக்கு ஒரு தடவைகூட வெட்டி இழுக்கவில்லை. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இமைகள் பாதி தொங்கியிருந்தன. அதுவும் மருந்தின் வேலை என்றே நினைத்தேன். டியூட்டியில் இருந்த சிஸ்டர், "மூச்சு மேலாக்க வருது டாக்டர். நெஞ்சு இறுகுதோ என்னவோ. அடுத்த டோஸ் இப்பவே போட்டுரவா?" என்று கேட்டார்.

"போடுங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் பல வருடம் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

வராண்டாவில் புஷ்பம் நின்றுகொண்டிருந்தார். கையில் நனைந்த சாரம் ஒன்று. சிலுவை கட்டியிருந்த லுங்கி. படுக்கையிலேயே சிறுநீர் போயிருந்ததால் சிஸ்டர் அதை மாற்றிவிட்டு, துவைத்துக்கொண்டு வரும்படி அவரிடம் கொடுத்திருக்கிறார்.

"இதக் கொஞ்சம் பாருங்க. கொழாயடியில முக்கினேன். தண்ணி கருப்பா எறங்குது."

வெளுத்த சாரம் அது. நடுவில் தேயிலைச் சாயம் கொட்டியது போல ஒரு பெரிய கறை. முகர்ந்து பார்த்தேன். சிறுநீர்தான்.

"இவருக்கு எப்பவாவது இப்படிப் போயிருக்கா?"

"இல்ல."

டெட்டனஸில் சிறுநீர் இந்த நிறத்தில் போகாது. அந்த ஆணிக் காயத்தோடு இதை எப்படிச் சேர்த்துப் பார்த்தாலும் பொருந்தவில்லை.

"காலையில என்னமா நடந்துச்சு?"

புஷ்பம் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அதச் சொல்லத்தான காலம்பெறயில இருந்து நிக்கேன். எனக்கு முழுசாத் தெரியாது. சூசை மாமா கூடத்தான் அவுக கடலுக்குப் போனாக. மாமா வெளிய சைக்கிள் நிறுத்துற எடத்துல உக்காந்திருக்காரு."

3. சூசை சொன்னது

சூசை புஷ்பத்தின் தாய்மாமன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் கேட்டதும் எழுந்து நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டார்.

"வலைய இழுத்து வள்ளத்துக்குள்ள கொட்டினோம். மீனோட ரெண்டு பாம்பும் கெடந்துச்சு. வாலப் புடிச்சுத் தூக்கிக் கடல்ல வீசிட்டோம். அது எப்பவும் வாரதுதான்."

"சிலுவையைக் கடிச்சுதா?"

சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கடப்பாம்பு ஆளைக் கடிக்காது டாக்டரம்மா. அதுக்குப் பேரே வலைக்கடியன்தான். வலையில மாட்டுனா வலையப் போட்டுக் கடிக்கும். நாங்க சின்னப் பிள்ளையில இருந்து கையால புடிச்சு எறியுதோம்."

"காலையில அவர் ஏதாவது சொன்னாரா? வலிக்குதுன்னு, குத்துதுன்னு?"

"முள்ளு குத்திட்டுன்னான். மீனை மிதிச்சிருப்பான்னு நெனச்சேன். ஆனா கெளுத்தி முள்ளுன்னா உசுரு போற மாதிரி வலிக்கும், கத்திருப்பான். இவன் சும்மா கால ஒதறிட்டுத் திரும்பவும் வலையப் புடிச்சான்."

"எந்தக் கால்?"

"வலது."

ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கோடி அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டு, வலது காலை டார்ச் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள் கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளிகள். குண்டூசி முனை அளவுதான். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. காலையில் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்த கால். இடது காலில் காரணம் கிடைத்ததும் வலது காலைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முழங்காலில் சுத்தியலால் தட்டினேன். டெட்டனஸ் என்றால் கால் துள்ள வேண்டும். அசையவே இல்லை.

கடல் பாம்பைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி உண்டு. பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்று சீனியர்கள் சொன்னதால் மேலோட்டமாகப் படித்தது. கடித்த இடத்தில் வலி இருக்காது. விஷம் தசையைச் சிதைக்கும். தாடை இறுகும், இமை தொங்கும், பிறகு மூச்சுக்கான தசையே ஓய்ந்துபோகும். சிதைந்த தசையின் சாயம் சிறுநீரகத்தை அடைக்கும். அப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் மூச்சை மேலும் தளர்த்துகிற மருந்தை இரண்டு தடவை கொடுத்திருந்தேன்.

"சிஸ்டர், டயஸிபாமை நிறுத்துங்க. ஆம்பு பேக்கை எடுத்துட்டு வந்து தலைமாட்டுல வைங்க. இவர் பக்கத்துல இருந்து யாரும் நகரக் கூடாது."

4. இரண்டு கையெழுத்து

சீஃப் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல பாம்பு, விரியன் எல்லாம் வருஷா வருஷம் வருது. கடல் பாம்பு கடிச்சு இந்த ஆஸ்பத்திரிக்கு யார் வந்திருக்கா?" என்றார்.

"யாரும் வந்ததா ரெக்கார்டு இல்ல சார்."

லேபுக்கு நடந்தார். சிறுநீரில் பென்சிடின் டெஸ்ட் அவரே செய்தார். நொடியில் நீலம் ஆனது. அப்படியென்றால் ரத்தம் இருக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து என்னைப் பார்க்கச் சொன்னார். ரத்த அணு ஒன்றுகூட இல்லை.

"ரத்தம்னு டெஸ்ட் சொல்லுது. அணு இல்ல. அப்போ இது சதையில இருந்து வருது" என்றார். பிறகு, "டெட்டனஸ்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"கீழே கையெழுத்துப் போட்டது நான்" என்று சொல்லிவிட்டு கையைக் கழுவப் போனார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஈ.சி.ஜி. எடுத்தோம். டி வேவ் கூடாரம் மாதிரி குத்திட்டு நின்றது. சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிவிட்டது, இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று அர்த்தம். கால்சியம், குளூக்கோஸோடு இன்சுலின், சோடா பைகார்ப் என்று வரிசையாக ஏற்றினோம். ஃபிரிட்ஜில் இருந்த விஷமுறிவு மருந்து தரைப் பாம்புகளுக்கானது. இதற்கு உதவாது. மதுரைக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். "வழியில கோவில்பட்டி தாண்டமாட்டார். இங்கேயே பார்ப்போம்" என்றார் சீஃப்.

வெளியே புஷ்பம் இருந்தார். நடந்த தவறை அவரிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

"இப்போ போய் எதையும் கிளறாதீங்க. பயந்துருவாங்க."

அந்த ஒரு விஷயத்தில் சீஃப் பேச்சை நான் கேட்கவில்லை. வராண்டா பெஞ்சில் புஷ்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வலை இழுக்கும்போது பாம்பு கடிச்சிருக்கு. நான் ஆணிக் காயத்தால வந்த நோய்னு தப்பா நெனச்சிட்டேன். அதுக்குக் கொடுத்த மருந்து மூச்சைக் கொறைச்சிருக்கும். இப்ப நிறுத்தியாச்சு. நீங்க சொல்ல வந்ததக் காலையிலேயே கேட்டிருக்கணும்."

அவர் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "பொழைப்பாகளா?"

"தெரியல. பொழைக்க வைக்கப் பாக்கோம்."

"தப்புன்னு தெரிஞ்சிட்டுல்லா. இனி செய்ய வேண்டியதச் செய்யுங்க." எழுந்து நின்று, "நான் உள்ள போய் அவுக பக்கத்துல இருக்கட்டா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அந்த அறை ஜன்னல் சாத்தப்படவில்லை. புஷ்பமும் அறையை விட்டுப் போகவில்லை.

5. வயிற்றுக்குள் இரண்டு லிட்டர்

மூச்சு நிற்கவில்லை. டயஸிபாம் இறங்க இறங்க நெஞ்சு நன்றாக ஏறி இறங்கியது. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்குக்கு வேலை வரவில்லை. அது எங்கள் திறமை இல்லை, உள்ளே போன விஷம் குறைவு.

ஆனால் மறுநாள் சிறுநீர் குறைந்தது. அதற்கடுத்த நாள் நின்றே போனது. பிளட் யூரியா ஏறியது. முகம் வீங்கி, விக்கல் எடுத்தது. சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிட்டால் அதன் வேலையை நாம் செய்ய வேண்டும். டயாலிசிஸ் மெஷின் எங்கள் பக்கத்தில் எங்கும் கிடையாது. வயிற்றைத் துளைத்து, உள்ளே திரவத்தை விட்டு, சற்று ஊறவைத்து, கழிவோடு வெளியே எடுக்கும் முறை ஒன்று இருந்தது. பெரிடோனியல் டயாலிசிஸ். எங்களில் யாரும் அதைச் செய்ததில்லை. சீஃப் மட்டும் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருந்தார்.

மதுரையில் இருந்த தன் வகுப்புத் தோழருக்கு டிரங்க் கால் போட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில், கண்டக்டரிடம் கொடுத்துவிட்ட பொட்டலத்தில், கதீட்டர் ஒன்று வந்தது. திரவத்தை நாங்களே தயாரித்தோம். ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் அளவு பார்த்து டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தோம்.

கதீட்டரைச் செருகும்போது சீஃப்பின் நெற்றி வியர்வையை நான் துடைத்துவிட்டேன். முதல் இரண்டு லிட்டர் உள்ளே போனது. முக்கால் மணி நேரம் கழித்து பாட்டிலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி வைத்தோம். ஒன்றும் வரவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. சீஃப் கதீட்டரைத் திருகிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

சிலுவைக்கு அப்போது தாடை கொஞ்சம் தளர்ந்திருந்தது. "சரிச்சுப் படுக்கட்டா?" என்று மெல்லக் கேட்டார். "வள்ளத்துல தண்ணி கெடந்தா ஒரு பக்கமாச் சரிச்சாத்தான் எறைக்க முடியும்."

இடது பக்கம் புரட்டினோம். குழாயில் மஞ்சளாகத் திரவம் இறங்கத் தொடங்கியது. சீஃப் சத்தமாகச் சிரித்ததை அந்த வார்டில் அன்றுதான் கேட்டேன்.

இரண்டு நாள் விடாமல் செய்தோம். விக்கல் நின்றது, யூரியா இறங்கியது. ஒரு வாரம் கழித்து, காலை ரவுண்ட்ஸில், புஷ்பம் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். அடியில் இரண்டு விரல் அளவுக்குச் சிறுநீர், வைக்கோல் நிறத்தில். சிஸ்டரில் இருந்து துப்புரவுப் பணியாளர் வரை எல்லோரும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாவது வாரம் சிலுவை சூசையின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வெளியே போனார். கேஸ் ஷீட்டில் 'டெட்டனஸ்' என்று எழுதியதை நான் அடிக்கவில்லை. அதற்குக் கீழே தேதி போட்டு, புதிய டயக்னோசிஸை எழுதினேன். இன்னொரு அசிஸ்டன்ட் அதைப் படிக்கும்போது இரண்டும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

6. ரோசம்மாள் கேட்ட தாள்

மருத்துவர் சங்கக் கூட்டத்தில் வாசிக்க இதைக் கட்டுரையாக எழுதச் சொன்னார் சீஃப். 'ஓர் அரிய நோயாளி' என்று தலைப்பும் வைத்துவிட்டேன். சிலுவையின் தொடை வலு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அவர் ரிவ்யூவுக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவர்கள் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

சிலுவை வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது மட்டும் தொடையில் கை ஊன்றினார். அடுத்த மாதம் கடலுக்குப் போவதாகச் சொன்னார். வீட்டுக்குள் வைத்துக் கால்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். நாற்பது வயது இருக்கும். பெயர் ரோசம்மாள் என்று புஷ்பம் சொன்னார்.

"இவனுக்கு வந்தது பாம்புக்கடின்னு எப்படிக் கண்டீக?" என்று கேட்டார்.

சொன்னேன். தாடை, வலி, தொங்கிய இமை, கறுத்த சிறுநீர். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்தார்.

"எங்க வீட்டுல அவுகளுக்கும் இதேதான். அஞ்சு வருசம் ஆச்சு. கடல்ல இருந்து வந்து படுத்தாக. பேச்சு வரல, பல்லக் கடிச்சிக்கிட்டாக, கண்ணு பாதி சொருகிட்டு. மூணாம் நாளு முடிஞ்சு போச்சு. அடுத்த தெருவுல ஒருத்தருக்கும் இப்படி ஆச்சு. அது எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல."

நான் ஸ்டெதாஸ்கோப்பை மடித்துப் பையில் வைத்தேன்.

"அன்னைக்கி ஒங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாகளா?"

பொய் சொல்ல முடியவில்லை. "வந்திருந்தாலும் எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. இவரையே நான் முதல்ல தப்பாத்தான் பாத்தேன்."

ரோசம்மாள் அழவில்லை. உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "அப்ப ஒண்ணு செய்யணும் நீங்க. அவுக கோட்டி புடிச்சு, புத்தி பெரண்டு செத்தாகன்னு ஊருல பேச்சு. பேய் அடிச்சிட்டுன்னு சிலரு, வலிப்புன்னு சிலரு. எம் மவளுக்கு ரெண்டு எடத்துல மாப்பிள பாத்துக் கேட்டு வந்தாக. அப்பன் வழியில கோட்டி உண்டாம்னு சொல்லித் திரும்பிப் போயிட்டாக. அவுக எதுல செத்தாகன்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க."

பார்க்காத நோயாளிக்குச் சான்று எழுதக் கூடாது என்பது சட்டம். அதை அவரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். அன்றைக்கு என்ன வலை, எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தார், முதலில் எங்கே வலித்தது, சிறுநீர் எப்போது நிறம் மாறியது. ஐந்து வருடம் ஆகியும் அவருக்கு எல்லாம் மணி வாரியாக நினைவிருந்தது. இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அரிய நோய் என்று நான் எழுதி வைத்திருந்தது அந்த ஊருக்கு அரிதாக இல்லை. ஆஸ்பத்திரிக்கு வராததையும், வந்தபோது நாங்கள் கேட்காததையும் சேர்த்து அரிது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கட்டுரைத் தலைப்பை அன்று மாலையே மாற்றினேன். என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றும்போது இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். கூட வந்தவர் பேச்சை முடிக்கும் வரை நில்லுங்கள்.

ரோசம்மாளின் மகள் தன் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். தமிழிலேயே எழுதினேன். இவரை நான் நேரில் சோதிக்கவில்லை. மனைவி விவரமாகச் சொன்ன அறிகுறிகளின்படி, இவர் வலை இழுக்கும்போது கடல் பாம்பு கடித்து இறந்திருக்க வேண்டும். இது மூளைக் கோளாறு அல்ல. பிள்ளைகளுக்கு வராது. கீழே என் பெயரும் பட்டமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரோசம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் நான் சத்தமாக வாசித்தேன். வாசலில் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு மட்டம் வாசிங்க" என்றார் ரோசம்மாள். "கொஞ்சம் சத்தமா, ஒறக்க."